எங்களுக்குப் பிறகு இவன் எங்கே இருப்பான்? வாசகர் கேள்வி பதில்

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ள பெரியவர்கள் ஊருக்குள்ளேயே சாதாரணமான ஒரு வீட்டில், மூன்று நான்கு பேராகவோ தனியாகவோ, உதவியாளர்களோடு வாழ்வதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு நிறையக் கடிதங்கள் வந்தன. பலருக்கும் பொதுவான கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். பெயர், ஊர் எதையும் போடவில்லை.

கேள்வி: எனக்கு 66 வயது, மகனுக்கு 34. அவனுக்கு டவுன் சிண்ட்ரோம். கணவர் இல்லை. அவன் ஒரு ராத்திரிகூட என்னை விட்டு இருந்ததில்லை. இல்லத்தில் சேர்த்தால் கைகழுவிவிட்ட மாதிரி என்கிறார் என் அண்ணன். நான் இருக்கும்வரை நானே பார்த்துக்கொள்கிறேன், அப்புறம் விதிப்படி நடக்கட்டும் என்று இருப்பது தப்பா?

அம்மா, தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்த 'அப்புறம்' எப்படி இருக்கும் என்பதை நேராகச் சொல்லிவிடுகிறேன், உங்கள் அண்ணன் அதைச் சொல்லமாட்டார். எந்த ஏற்பாடும் இல்லாத வீட்டில் அம்மா போனால், அன்றைக்கே மகனுக்கு அம்மா, வீடு, படுக்கை, காலையில் எழுப்பும் குரல் எல்லாமே சேர்ந்து போகிறது. துக்கத்துக்கு வந்தவர்கள் இவரை யார் கூட்டிக்கொண்டு போவது என்று பேசுவார்கள். அவர் அங்கேயேதான் நிற்பார், எல்லாம் காதில் விழும். சில வாரத்துக்குள் இடம் காலியாக இருந்த ஏதோ ஒரு காப்பகத்தில் இருப்பார். அவருக்கு எது பிடிக்கும், எதற்குப் பயப்படுவார் என்று தெரிந்த ஆள் ஒருத்தர்கூட அங்கே இருக்கமாட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. 1983இல் அமெரிக்காவில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 25 வயதுதான், இன்றைக்கு அது 60ஐ ஒட்டி வந்துவிட்டது. இதய அறுவைச் சிகிச்சை வந்ததும், பிள்ளைகளைக் காப்பகத்தில் அடைத்து வைப்பது குறைந்ததும் அதற்குப் பெரிய காரணங்கள். அந்தக் காலத்துப் பெற்றோர் பிள்ளைக்கு முன்னால் போகாமல் இருக்கலாம், நீங்கள் போவீர்கள். அவர் உங்களுக்குப் பிறகு இருபது வருடம் வாழப்போகிறார் என்று வைத்துக்கொண்டு யோசியுங்கள்.

நீங்கள் நன்றாக இருக்கும்போதே ஆரம்பித்தால் அது கைகழுவுவது ஆகாது. முதலில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் வீட்டுக்கு ஒரு மாலை போய்விட்டு வரட்டும், பிறகு ஒரு இரவு, பிறகு சனி ஞாயிறு. எத்தனை மாதம் ஆனாலும் பரவாயில்லை. திரும்பி வந்தால் வீட்டில் நீங்கள் இருப்பீர்கள், அதுதான் இதில் பெரிய பலம். ஒரு வருடம் கழித்து அங்கேயே தங்கினாலும் வாரம் ஒருமுறை நீங்கள் போகலாம், அவர் வரலாம். ஒத்துவரவில்லை என்றால் வேறு வீடு பார்க்க உங்களுக்கு நேரமும் இருக்கும்.

போகும்போது சின்னச் சின்ன விஷயங்களையெல்லாம் எழுதிக் கொடுங்கள். நான் அடிக்கடி போய்வரும் வீடு ஒன்றில் புதிதாக வந்த ஒருவர் முதல் வாரம் தூங்கவே இல்லை, மருந்து கொடுக்கலாமா என்கிற அளவுக்குப் பேச்சு போய்விட்டது. பெற்றோர் வீட்டில் அவர் படுக்கைக்கு எதிர்ச் சுவரில் நாட்காட்டி இருந்திருக்கிறது. ராத்திரி அன்றைய தேதியைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டுத்தான் விளக்கை அணைப்பார். புது வீட்டில் நாட்காட்டி ஹாலில், எல்லாருக்கும் பொதுவாக. அதில் கைவைக்கக் கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், ஆக அவருக்கு நாள் முடியவே இல்லை. கண்டுபிடித்துச் சொன்னது அவருடைய அக்கா, அதுவும் போனில். மறுநாள் அறைச் சுவரில் ஒரு நாட்காட்டி மாட்டினார்கள், தூங்கிவிட்டார்.

டவுன் சிண்ட்ரோம் என்பதால் இதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அல்சைமர் என்ற மறதி நோய் இவர்களுக்கு மற்றவர்களைவிட வெகு முன்பே, ஐம்பதுகளிலேயே, வரும் வாய்ப்பு மிக அதிகம். மற்றவர்களுக்கு இரண்டாகவும் இவர்களுக்கு மூன்றாகவும் இருக்கிற 21ஆம் குரோமோசோமில்தான், அந்த நோயில் மூளையில் படிகிற அமிலாய்டு புரதத்துக்கான மரபணுவும் இருக்கிறது. 'மறதி வந்த பிறகும் இதே வீட்டில், இதே ஆட்களோடு வைத்துக்கொள்வீர்களா, இல்லை வேறு எங்கேயாவது அனுப்பிவிடுவீர்களா?' என்று சேர்க்கும் முன்பே கேளுங்கள். படுக்கையறையும் குளியலறையும் தரைத்தளத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: பெரிய வளாகம் ஒன்றைப் பார்த்தோம். நூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். மருத்துவர், பிசியோதெரபி எல்லாம் உள்ளேயே இருக்கிறது, வாசலில் காவலாளி. நீங்கள் சொல்கிற நாலு பேர் வீட்டைவிட அதுதான் பத்திரம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

எல்லாப் பெற்றோருக்கும் முதலில் அப்படித்தான் தோன்றும். சுவரும் காவலாளியும் கண்ணுக்குத் தெரிகிற பாதுகாப்பு. அதே சுவர்தான் உள்ளே நடப்பதை வெளியாட்கள் கண்ணில் படாமல் மறைக்கிறது.

நியூயார்க்கில் வில்லோபுரூக் என்று ஒரு அரசுப் பள்ளி இருந்தது. பெயருக்குத்தான் பள்ளி, உண்மையில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களை வைத்திருந்த காப்பகம். 4,000 பேருக்குக் கட்டியதில் 1960களில் 6,000 பேரை வைத்திருந்தார்கள். 1972இல் ஒரு தொலைக்காட்சிச் செய்தியாளர் கேமராவோடு உள்ளே நுழைந்து படம் காட்டிய பிறகுதான், துணிகூட இல்லாமல் தரையில் கிடந்த பிள்ளைகளை ஊர் பார்த்தது. பெற்றோர்கள் வழக்குப் போட்டு 1975இல் நீதிமன்றத்தில் உடன்படிக்கை எழுதப்பட்டு, கடைசியில் 1987இல் மூடினார்கள். அதே வருடம் பென்சில்வேனியாவில் பென்ஹர்ஸ்ட் என்ற இன்னொரு பெரிய நிறுவனமும் மூடப்பட்டது. அங்கிருந்து சின்ன வீடுகளுக்குப் போனவர்களை ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். வெளியே வந்தவர்கள் தங்கள் வேலையைத் தாங்களே செய்துகொள்வதில் நன்றாகவே முன்னேறியிருந்தார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது, வெளியே அனுப்பவே கூடாது என்று ஆரம்பத்தில் கடுமையாக எதிர்த்த பெற்றோர்களில் பெரும்பாலோர் பிள்ளைகளைப் புது வீட்டில் பார்த்த பிறகு மனம் மாறிவிட்டார்கள் என்பதுதான். ஸ்வீடன், மிச்சமிருக்கும் பெரிய காப்பகங்களை 1999க்குள் மூடிவிட வேண்டும் என்று சட்டமே போட்டது.

அதற்காகச் சின்னதாக இருந்தாலே நல்லது என்று நான் சொல்லமாட்டேன். இங்கிலாந்தில் பிரிஸ்டல் பக்கத்தில் வின்டர்போர்ன் வியூ என்ற இடத்தில் 24 படுக்கைகள்தான். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் உள்ளவர்களுக்கான தனியார் மருத்துவமனை. அங்கே ஊழியர்கள் அடித்துத் துன்புறுத்தியது 2011இல் பிபிசியின் ரகசிய கேமராவில் பதிவானது. பதினொரு பேருக்குத் தண்டனை, அதில் ஆறு பேருக்குச் சிறை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006இல் வந்தது. அதன் 19ஆவது பிரிவு, எங்கே, யாரோடு வாழ்வது என்று தேர்ந்தெடுக்கிற உரிமை மற்றவர்களுக்கு இருக்கிற மாதிரியே இவர்களுக்கும் உண்டு என்கிறது. 2017இல் அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு இதற்கு விளக்கம் எழுதியபோது, ஐந்து முதல் எட்டுப் பேர் வாழும் வீடும், ஏன் ஒருவர் தனியாக இருக்கும் வீடும்கூட, தினசரி முடிவுகளை எல்லாம் வேறு யாரோ எடுத்தால் காப்பகம்தான் என்று சொல்லிவிட்டது.

மருத்துவர் உள்ளேயே இருப்பது வசதி என்கிறீர்கள். வெளியே போனால் மருத்துவரைப் பார்க்கிற வழியில் பத்துப் பேர் உங்கள் பிள்ளையைப் பார்ப்பார்கள். முகத்தில் காயம் இருந்தால் யாராவது கேட்பார்கள். என் கணக்கில் காவலாளியைவிட அந்தப் பத்துப் பேர் பெரிய பாதுகாப்பு.

கேள்வி: நேரில் போய்ப் பார்க்கும்போது எதை வைத்து முடிவு செய்வது? எல்லா இடத்திலும் சுத்தமாக, சிரித்த முகமாகத்தான் இருக்கிறார்கள்.

சொல்லிவிட்டுப் போனால் சிரித்த முகம்தான் இருக்கும். சாயங்காலம் ஏழு மணிக்குப் போங்கள், ஞாயிற்றுக்கிழமை போங்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் இரவு உடையில் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். அங்கே வசிக்கும் ஒருவரிடமே 'உங்கள் அறையைப் பார்க்கலாமா?' என்று கேளுங்கள். ஊழியர் முந்திக்கொண்டு 'தாராளமாகப் பாருங்கள்' என்று கதவைத் திறந்துவிட்டால் அந்த அறை யாருடையது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

நான் முதலில் பார்ப்பது சாவியை. அறைக் கதவை உள்ளிருந்து பூட்ட முடிகிறதா, சாவி அவரிடம் இருக்கிறதா? அப்புறம் ஃப்ரிட்ஜ். அதற்குப் பூட்டு போட்டிருந்தால் யாருக்காக, எந்த மருத்துவக் காரணத்துக்காக, அது எங்கே எழுதியிருக்கிறது, மற்ற மூன்று பேர் ஏன் அதற்காகப் பட்டினி இருக்க வேண்டும்? இதெல்லாம் என் தனிப்பட்ட பிடிவாதம் இல்லை. அமெரிக்காவில் மெடிகெய்டு என்ற அரசு மருத்துவ உதவித் திட்டத்தின் பணத்தில் சேவை தரும் வீடுகளுக்கு 2014இல் வந்த விதியே இதைத்தான் கேட்கிறது. பூட்டக்கூடிய கதவு, எந்த நேரமும் சாப்பாடு, எந்த நேரமும் விருந்தாளி, அறையைப் பகிர்ந்தால் யாரோடு என்று தேர்ந்தெடுக்கும் உரிமை, வாடகைதாரருக்கு உள்ளதுபோல் எழுத்தில் ஒப்பந்தம். இவற்றில் எதைக் குறைப்பதானாலும் அந்த ஒருவருக்கு மட்டும், காரணம் எழுதி, அவர் சம்மதத்தோடுதான் குறைக்க முடியும். உங்கள் நாட்டில் இப்படி விதி இல்லாவிட்டாலும் இந்தக் கேள்விகளைக் கேட்க யாரும் தடை போடவில்லை.

போன வருடம் எத்தனை ஊழியர்கள் வேலையை விட்டுப் போனார்கள் என்று அவசியம் கேளுங்கள். சம்பளம் குறைவு, வேலை கனம், அதனால் எல்லா நாட்டிலும் ஆட்கள் நிற்பதில்லை. மாசம் ஒரு புது முகம் வந்து தன்னைக் குளிப்பாட்டினால் யாருக்குத்தான் பொறுக்கும்?

கேள்வி: சாவி, தேர்வு, உரிமை என்பதெல்லாம் பேசத் தெரிந்தவர்களுக்குச் சரி. என் மகளுக்கு 27 வயது, பேச்சு இல்லை, சக்கர நாற்காலி, அடிக்கடி வலிப்பு. அவளுக்கு இதெல்லாம் எப்படிப் பொருந்தும்?

உங்கள் மகளுக்குத்தான் முதலில் பொருந்த வேண்டும். வாய்விட்டுக் கேட்க முடிந்தவர் எப்படியாவது கேட்டு வாங்கிக்கொள்வார்.

இருபத்தேழு வருடமாக அவர் உங்களோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறார். போதும் என்றால் முகத்தை எந்தப் பக்கம் திருப்புவார், வலி என்றால் எந்த விரலைக் கடிப்பார், வலிப்பு வருவதற்கு முன்னால் கண் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு மட்டும் தெரியும் என்பதுதான் ஆபத்து. அதை எழுதுங்கள், இரண்டு பக்கம் போதும், அவரே சொல்வது மாதிரி எழுதுங்கள். 'நான் இப்படிச் செய்தால் இதை அர்த்தம் பண்ணிக்கொள்ளுங்கள், அப்போது நீங்கள் இப்படிச் செய்யுங்கள்.' போட்டோ சேர்த்து, நாற்காலியிலேயே மாட்டி வைக்கலாம். புதிதாக வரும் உதவியாளர் பத்து நிமிடத்தில் படித்துவிடுவார். போனில் வீடியோவும் எடுத்து வையுங்கள், வலிப்பை வார்த்தையில் விவரிப்பது கஷ்டம், மருத்துவருக்கும் அது உதவும்.

கனமான குறைபாடு உள்ளவர்களோடு வேலை செய்கிறவர்களிடையே ஒரு முறை நன்றாகப் பரவியிருக்கிறது. இங்கிலாந்தில் ஜிம் மேன்செல் போன்றவர்கள் வளர்த்தெடுத்தது. குறைபாடு உள்ளவருக்காக வேலையைச் செய்து முடிக்காமல், அவரோடு சேர்ந்து செய்வதுதான் அந்த முறை. வாஷிங் மெஷினில் துணி போட அவரால் முடியாது, சரி. ஆனால் ஒரு துணியை அவர் மடியில் வைத்து, கையைப் பிடித்து உள்ளே தள்ளச் செய்யலாம், கடைசியில் பொத்தானை அவர் விரலால் அழுத்தலாம். ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை இருபது நிமிடம் ஆகும், ஆகட்டுமே. அந்த இருபது நிமிடமும் அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கமாட்டார். உதவியாளர் நாள் முழுக்க என்ன செய்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அழகான கட்டடத்துக்குள் ஒருத்தரும் ஒருவார்த்தை பேசாத மத்தியானங்களை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் மகள் விஷயத்தில் நீங்கள் விட்டுக்கொடுக்கக் கூடாதவையும் உண்டு. ராத்திரி உதவியாளர் தூங்காமல் விழித்திருக்க வேண்டும். வலிப்பு எத்தனை நிமிடம் நீடித்தால் எந்த மருந்து, எப்போது ஆம்புலன்ஸ் என்று மருத்துவர் எழுதிய தாள் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், ஒவ்வொரு ஷிஃப்டிலும் அந்த மருந்தைக் கொடுக்கப் பயிற்சி பெற்ற ஒருவராவது இருக்க வேண்டும். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்ற, தூக்கும் கருவி வேண்டும். இரண்டு பேர் கையால் தூக்குவது அவருக்கும் நல்லதில்லை, தூக்குகிறவர் முதுகுக்கும் நல்லதில்லை. 'எங்கள் வீட்டில் இவ்வளவுக்கு வசதி இல்லை' என்று சொன்னால் அது அந்த வீட்டின் குறை. மகளின் நிலை 'இதற்கெல்லாம் தகாது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஸ்வீடனில் 1994 முதல் இப்படிப்பட்ட நிலையில் உள்ளவர்கள் தங்கள் சொந்த வீட்டிலேயே தனி உதவியாளர் வைத்துக்கொள்ளச் சட்டப்படி உரிமை இருக்கிறது. செய்ய முடியாத காரியம் இல்லை.

கேள்வி: ஆட்டிசம் உள்ள என் தம்பிக்காக அப்பா வீட்டை ஒரு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்து, ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம் என்கிறார். அம்மா, நாலைந்து பெற்றோர்கள் சேர்ந்து ஒரு வீடு வாங்கலாம் என்கிறார். நான் அக்கா, எல்லாம் முடிந்த பிறகு என் தலையில்தான் வரும். எது நல்லது?

அப்பாவிடம் கையெழுத்துப் போடாமல் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். கூரை யாருடையது, உதவி யாருடையது என்ற இரண்டையும் முடிந்தவரை ஒரே கையில் கொடுக்காதீர்கள். நிறுவனமே வீட்டுக்கும் சொந்தக்காரர், அதுவே பராமரிப்பும் தருகிறது என்றால், நாளைக்குப் பராமரிப்பு மோசமானால் தம்பி வீட்டையும் விட்டுத்தான் வெளியேற வேண்டும். வீடு தம்பி பெயரிலோ ஒரு அறக்கட்டளை பெயரிலோ இருந்தால் உதவி தருகிறவரை மாற்றலாம், தம்பி இருந்த இடத்தில் இருப்பார். மொத்தமாகப் பணம் வாங்கிக்கொள்ளும் இடம் என்றால், நிறுவனம் மூடினால் என்ன, தம்பிக்குப் பிடிக்காமல் இரண்டு வருடத்தில் வெளியேறினால் எவ்வளவு திரும்பும் என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். ஒரு நல்ல வழக்கறிஞரிடம் காட்டாமல் எதிலும் கையெழுத்து வேண்டாம். சொத்தை நேராகத் தம்பி பெயரில் எழுதினால் அரசு உதவித்தொகை பாதிக்குமா, பாதுகாவலர் நியமனம் தேவையா என்பது நாட்டுக்கு நாடு வேறு, அதையும் அவரிடமே கேளுங்கள்.

அம்மா சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அது பெற்றோர்களின் நட்பை மட்டும் நம்பி நடக்காது. ஒரு பெற்றோர் இறந்து அவர் பங்கு மூத்த மகனுக்குப் போய், அவர் விற்க வேண்டும் என்றால்? இரண்டு பேருக்கு ஒத்துப்போகவில்லை, ஒருவர் கத்தினால் இன்னொருவர் காதைப் பொத்திக்கொண்டு அறையை விட்டே வரமாட்டார் என்றால் யார் வேறு இடம் போவது? காலியாகும் அறைக்கு யாரைச் சேர்ப்பது, அதில் அங்கே வாழ்கிறவர்களின் பேச்சு எடுபடுமா? வீடு பார்க்கும் முன் இதையெல்லாம் உட்கார்ந்து பேசி எழுதுங்கள். முக்கியமாக, பெற்றோர்கள் சேர்ந்து பழகுவதற்கு முன்னால் பிள்ளைகள் சேர்ந்து பழகட்டும். தம்பிக்கு அந்த நாலு பேரில் யாரைப் பிடிக்கும் என்று யாராவது கேட்டீர்களா?

உங்களுக்கும் ஒரு வார்த்தை. மருந்து அட்டவணை, சம்பளக் கணக்கு, ஷிஃப்ட் எல்லாம் உங்கள் தலையில் ஏறினால் தம்பியோடு சும்மா உட்கார்ந்திருக்க நேரம் இருக்காது. அதற்கு ஆள் போடலாம், அக்காவாக இருக்க உங்களைத் தவிர ஆள் இல்லை.

கேள்வி: நாங்கள் பார்த்த இல்லத்தின் நிறுவனர் தெய்வம் மாதிரி மனிதர். அவர் இருக்கும்போது இவ்வளவு கேள்வியும் காகிதமும் வேண்டுமா?

வேண்டும். பிரான்சில் 1964இல் ழான் வானியே, அறிவுசார் குறைபாடு உள்ள இரண்டு பேரைக் காப்பகத்திலிருந்து அழைத்து வந்து ஒரே வீட்டில் வாழ ஆரம்பித்தார். அதிலிருந்து லார்ஷ் என்ற அமைப்பு பல நாடுகளில் வளர்ந்தது. உலகமே அவரை மகானாகப் பார்த்தது. அவர் இறந்த மறு வருடம், 2020இல், அந்த அமைப்பே வெளியாட்களைக் கொண்டு நடத்த வைத்த விசாரணையில் அவர் பல பெண்களிடம் பாலியல் அத்துமீறல் செய்திருந்தது தெரியவந்தது. அந்தப் பெண்கள் குறைபாடு உள்ளவர்கள் அல்ல. ஆனாலும் ஒருவரின் நல்ல பெயரை மட்டும் நம்பிக் கதவைச் சாத்திவிட்டு வரக் கூடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அந்த அமைப்பு விசாரிக்க வைத்து, தானே வெளியே சொன்னதே, அந்த நேர்மையை எல்லா இல்லங்களிலும் எதிர்பாருங்கள். நல்ல நிறுவனர் உங்கள் கேள்விக்குக் கோபப்படமாட்டார்.

கேள்வி: எங்கள் தெருவில் இப்படி நாலு பேருக்கு ஒரு வீடு வரப்போகிறது. பாதுகாப்பு போய்விடும், வீட்டு விலை இறங்கிவிடும் என்று கையெழுத்து வாங்குகிறார்கள். போடலாமா?

போடாதீர்கள். விலை இறங்குவதில்லை என்று 1970களிலிருந்து பல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பாதுகாப்பு என்றால், இவர்களால் மற்றவர்களுக்கு ஆபத்து வருவதைவிட மற்றவர்களால் இவர்களுக்கு வருவதுதான் மிக அதிகம். டெக்சாஸில் கிளீபர்ன் என்ற ஊர் இப்படி ஒரு வீட்டுக்கு மட்டும் தனி அனுமதி கேட்டு மறுத்தபோது, 1985இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது, அக்கம்பக்கத்தாரின் பயத்தையும் வெறுப்பையும் காரணமாகக் காட்ட முடியாது என்று. உங்கள் வீட்டுக்கு நீங்கள் குடிவந்தபோது யார் கையெழுத்தும் தேவைப்படவில்லை. முதல் நாள் போய்ப் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளுங்கள், அது போதும்.

கேள்வி: நான் மூணு பேர் கூட ஒரு வீட்ல இருக்கேன். ராத்திரி 9 மணிக்கு லைட் ஆஃப். என் ஃப்ரெண்ட் வரக்கூடாதுன்னு சொல்றாங்க. நான் பெரியவன், 41 வயசு. இது சரியா? (உதவியாளர் ஒருவர் கேட்டு எழுதி அனுப்பியது.)

இது சரி இல்லை. உங்களுக்கு 41 வயது. எப்போது தூங்குவது என்று நீங்கள் முடிவு செய்யலாம். மற்றவர்கள் தூங்கும்போது சத்தம் போடாமல் இருந்தால் போதும். உங்கள் நண்பர் உங்களைப் பார்க்க வரலாம். அது உங்கள் வீடு.

இதைக் கேட்டது உங்கள் உரிமை. யாரும் இதற்காக உங்களைத் திட்டக் கூடாது.

அடுத்து இப்படிச் செய்யுங்கள். இந்தக் கடிதத்தை எழுத உதவியவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பொறுப்பாளரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, 'ஒன்பது மணிக்கு லைட் ஆஃப் என்று யார் முடிவு செய்தது? ஏன்?' இரண்டு, 'என் நண்பர் எந்தக் கிழமை வரலாம்?' அவர் சொல்லும் பதிலை எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் இருக்கும் மற்ற மூன்று பேரிடமும் கேளுங்கள், அவர்களுக்கும் ஒன்பது மணி பிடிக்காமல் இருக்கலாம். நாலு பேரும் சேர்ந்து சொன்னால் நன்றாகக் கேட்பார்கள்.

உங்களைப் போன்றவர்கள் தாங்களே சேர்ந்து நடத்தும் குழுக்கள் பல நாடுகளில் இருக்கின்றன. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் 1974இல் அப்படி ஒரு குழு ஆரம்பித்தது. அதன் பெயர் 'பீப்பிள் ஃபர்ஸ்ட்'. வீட்டு விதிகளைப் பற்றி அவர்கள் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். உங்கள் ஊரில் அப்படி ஒரு குழு இருக்கிறதா என்று தேடித் தரச் சொல்லி உங்கள் உதவியாளரைக் கேளுங்கள்.

பொறுப்பாளர் என்ன பதில் சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். அவர் முடியாது என்று சொன்னால், அதற்கு மேல் யாரிடம் போவது என்று நான் விசாரித்து உங்களுக்குப் பதில் எழுதுகிறேன்.